பழனிக்கு நடந்த கால்

உடுமலைப்பேட்டைக்காரரிடம் நடையைப் பற்றி யாரும் அளக்க முடியாது. தைப்பூசம் வந்தால் பாதி ஊர் பழனிக்கு நடக்கும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் தூரத்தை, “மடத்துக்குளம் தாண்டுனா அடிவாரந்தானுங்க” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

அந்த வம்சத்துப் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் செப்டம்பர் முதல் வாரத்தில் நாகூரில் வந்து இறங்கினார். நாகப்பட்டினம் வழியாகக் கடலோரமாகவே வேளாங்கண்ணிக்கு நடப்பது திட்டம். இருபது கிலோமீட்டர்கூட வராது. ஆகஸ்ட் 29-ல் அங்கே மாதா திருவிழாவுக்குக் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்குத்தான். வருஷக்கணக்காகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பியும் கடலை அவர் பார்த்ததெல்லாம் பில்லில்தான்.

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூர் தர்காவுக்குக் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உடம்பு. உடுமலையில் வேர்த்தால் காய்ந்துவிடும். இங்கே காய்கிற பேச்சே இல்லை. காட்டன் உறிஞ்சும் என்று சொல்லிச் சொல்லி விற்றவர், அதுவும் ஓரளவுக்கு மேல் கைவிட்டுவிடும் என்பதை நாகை எல்லையில் கண்டுகொண்டார்.

நாகை லேசுப்பட்ட ஊரல்ல. ஸ்ரீவிஜய அரசர் எழுப்பி, ராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தானமாகக் கொடுத்த சூடாமணி விகாரம் இருந்தது இங்கேதான். 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து இதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் சோழமண்டலக் கரையில் கப்பலேற்றிய சரக்கில் முக்கியமானது துணி. திருப்பூருக்கு முன்பே ஷிப்மெண்ட் பார்த்த ஊர் என்று நம்மவர் ஆசையோடு கன்டெய்னரைத் தேடினார். ஒன்றையும் காணோம். காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலைப் பற்றித்தான் சொன்னார்கள்: 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024-ல் மறுபடி ஓடியது.

“நம்ம பையர் மாதிரியேங்க” என்றார்.

அக்கரைப்பேட்டைப் பக்கம் மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே என்ன செய்தது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-ல் ரயில் பாதையே போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஏக்கத்தோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, மாதா சப்பரத்தைத் தள்ளியபடி காவி டி-சர்ட் கூட்டம் ஒன்று வெறுங்காலோடு வந்தது.

“பழனிக்கே நடக்கறவனுங்க நானு. நீங்க எங்கிருந்துங்க தம்பி?”

“மெட்ராஸ்ணா. ஈசிஆர்லயே வந்துட்டோம்.”

முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்குப் பிறகு பழனி பேச்சில் வரவில்லை.

ஆனால் தொழில் வந்தது. பழனிக்குப் பச்சை, சபரிமலைக்குக் கறுப்பு, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, வேளாங்கண்ணிக்குக் காவி: தமிழ்நாட்டுப் பக்தி சாயப்பட்டறைக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. தம்பியின் டி-சர்ட் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நூத்தி நாப்பது ஜிஎஸ்எம்கூட வராதுங்களே. சாயம் பூரா வேட்டியில எறங்கிருச்சு பாருங்க. எத்தனைக்கு வாங்குனீங்க?”

தம்பி விலையைச் சொன்னார். நம்மவருக்குக் கால்வலி மறந்துவிட்டது. மீதி வழி முழுக்கக் காலர் ரிப்பும் முதுகில் அடிக்கும் மாதா படமும்தான் பேச்சு. அடுத்த வருஷத்து ஆர்டருக்குச் சைஸ் விவரம் வாங்கி, செல்போனில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் கோயிலுக்குள் நுழைந்தார்.