போல்ட் மீது ஒரு பிராது

கார் ரிப்பேர் புத்தகம் எழுதுகிறவர்கள், ஷோரூமிலிருந்து அன்று காலையில் வந்த வண்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பது என் தீர்மானம். முன்சக்கரத்து லோயர் ஆர்மை மாற்றுவது எப்படி என்று எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் பாருங்கள். போல்ட்டைக் கழற்று என்று ஒரு வரி. ஆர்மை வெளியே எடு என்று அடுத்த வரி. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் உள்ள வெற்றுக் காகிதத்தில்தான் நானும், ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனும், அவரிடம் வேலை பழகும் பையனும், ஒரு கேஸ் சிலிண்டரும் வெகுநாள் குடியிருந்தோம். கழற்றியதையே தலைகீழாகச் செய்தால் மாட்டிவிடலாம் என்று வேறு முடித்திருப்பார்கள். நாங்கள் கழற்றிய முறையைத் தலைகீழாகச் செய்வதென்றால் முதலில் தெருவில் பரவிய புகையை எல்லாம் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும்.

கார் நான் வாங்கியதல்ல, வந்தது. மாருதி 800. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014-இல் உற்பத்தி நின்ற அந்த வம்சத்தின் கடைசிக் கொழுந்துகளில் ஒன்று. என் மனைவியின் அண்ணன் வைத்திருந்தது. அவர் வீடு எண்ணூரில், கடலைப் பார்த்தபடி. கார் நின்றதும் கடலைப் பார்த்தபடிதான், கூரை இல்லாமல். புது வண்டி எடுத்ததும், "மாப்ள, இது நம்ம வீட்டு வண்டி, வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பெண் வீட்டார் கொடுப்பதைத் திருப்பிக் கொடுக்கும் வசதி நம் சமூகத்தில் இன்னும் ஏற்படவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எண்ணூர்க் கடல் இட்ட உப்பை என் கார் ஒரு கணமும் மறந்ததில்லை.

அப்படிப்பட்ட கார் வந்து சேர்ந்த ஊரைப் பாருங்கள். விருத்தாசலத்தின் தொழிலே துருப்பிடிக்காத பொருள் செய்வது. அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்கம்பத்து இன்சுலேட்டர், பியூஸ் கட்டை. களிமண்ணைப் பிசைந்து, அச்சில் போட்டு, 1200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைத்து எடுத்துவிட்டால் அப்புறம் மழை, வெயில், உப்புக்காற்று எதுவும் அதை ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லிக்கொடுக்கவே இங்கே ஓர் அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. என் காரில் துருப்பிடிக்காத உலோகப் பகுதி என்று எதையும் காட்ட முடியாது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கும். அது செராமிக். எங்கே செய்ததோ தெரியாது, ஆனாலும் ஊர்க்காரன் என்ற பாசத்தோடு அதை மட்டும் துடைத்துத் துடைத்து மாட்டுவேன்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கம் 'டொக்' என்றது. "எங்க அண்ணன் ஓட்டும்போது இந்தச் சத்தம் வந்ததே இல்ல" என்றாள் மனைவி. எண்ணூரில் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்று நான் சொல்லவில்லை. பட்டறைக்கு ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு, கீழே படுத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். செதில் செதிலாக அவர் முகத்திலேயே கொட்டியது. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது கார் இல்ல சார். கார் மாதிரி நிக்கிற துரு" என்றார். லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது, ஆர்மோடு மாற்றிவிடலாம், சாமான் பெரிய விலை இல்லை, சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று சேர்த்துச் சொன்னார். எந்தச் சாயந்திரம் என்று நானும் கேட்கவில்லை.

இரும்பு துருப்பிடித்தால் தேய்ந்துதானே போகும், தேய்ந்தால் லூசாகத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது. அங்கேதான் இயற்கை விளையாடுகிறது. இரும்பு, ஆக்சிஜனையும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு துருவாக மாறும்போது, முன்பு பிடித்திருந்த இடத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். போல்ட்டுக்கும் அது நுழைந்திருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தால், அதில் துரு பெருத்து, நாலாபக்கமும் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். உப்பு இருந்தால் இந்த வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். டில்லியில் வெட்டவெளியில் நிற்கும் 1600 ஆண்டுப் பழைய இரும்புத் தூண் துருப்பிடிக்கவில்லையே என்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொண்டது. தவிர, அந்தத் தூணை யாரும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழற்றிப் பார்க்கவில்லை.

முதலில் மண்ணெண்ணெய். பிறகு, ஸ்பிரே டப்பா. அந்த நீல டப்பாவை 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணை துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்தார்கள். நாற்பதாவது முயற்சியில்தான் கலவை சரியாக வந்ததால் பெயரிலேயே 40 ஒட்டிக்கொண்டது. தண்ணீரை விரட்டுவதுதான் அதன் பிறவிப் பணி, இறுகிய மரையைப் பிரிப்பதல்ல என்பதை மெக்கானிக் அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். "ராக்கெட்டுக்கே அடிக்கிறான் சார்" என்று மேலும் கொஞ்சம் அடித்தார். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்றார். ஊறியது.

மறுநாள் ரிங் ஸ்பேனர் போட்டு, அதன் வாலில் ஆளுயரப் பைப்பைச் செருகி, பையன் தொங்கினான். போல்ட் திரும்பியது! எல்லோரும் கைதட்டாத குறை. பையன் கையை எடுத்ததும் போல்ட் பொறுமையாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கட்சி மாறினேன் என்று பேட்டி கொடுத்துவிட்டு மறுவாரம் தாய்க்கழகத்தில் வந்து உட்காருகிறார்களே, அப்படி. விஷயம் என்னவென்றால், போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவால் ஒன்றாகிவிட்டன. குழாயைச் சுற்றி ரப்பர். நாம் திருகுவது போல்ட்டை அல்ல, ரப்பரை. ரப்பர் நம் விருப்பத்துக்கு வளைந்துகொடுத்துவிட்டு, நாம் போனதும் தன் விருப்பப்படி நடந்துகொள்கிறது.

இது இறுகிய போல்ட்டின் கதை. உடைந்த போல்ட்டின் கதை வேறு. முன்னால் ஸ்டெபிலைசர் பாரைப் பாடியோடு பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டை எடுத்தால் கொஞ்சம் கை போகும் என்று அதில் ஸ்பேனர் வைத்தார். நல்ல மெக்கானிக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பது அதிகம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். போல்ட் 'கிரீச்' என்று அலறினால் நல்ல சகுனம், துரு விடுகிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் வெண்ணெயாகத் திரும்பினால் வயிற்றைக் கலக்க வேண்டும். எனக்கு இது தெரியாததால், "அட, சுலபமா வருதே" என்றேன். "சந்தோஷப்படாதீங்க சார். அது வரல, கழுத்து இழுத்துக்கிட்டு இருக்கு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் 'டிக்'. தலை மட்டும் சாக்கெட்டுக்குள். முண்டம் பாடிக்குள்.

உடைந்த போல்ட்டை எடுக்க ஈஸி அவுட் என்று ஒரு சாமான் விற்கிறார்கள். பெயர் வைத்தவரை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். போல்ட்டின் நடுவே துளை போட்டு, இடது மரை கொண்ட இந்தக் கம்பியை உள்ளே விட்டுத் திருப்பினால், அது கவ்விக்கொண்டு போல்ட்டையும் இழுத்து வரும். துளை நடுவில் விழ வேண்டும் என்பது முதல் சிக்கல். டிரில் பிட் எப்போதும் மெத்தென்ற பக்கமாகச் சறுக்கும். இரண்டாவது சிக்கல், ஈஸி அவுட் உள்ளேயே உடைவது. உடைந்தது. அது போல்ட்டைவிடக் கடினமான எஃகு, எங்கள் டிரில் பிட் அதன்மேல் வழுக்கி வழுக்கிச் சிவந்ததுதான் மிச்சம். இப்போது உள்ளே இரண்டு பேர். கடைசியில் துருத்திக்கொண்டிருந்த முனைமேல் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். வெல்டிங்கின் சூடே துருவைக் கொஞ்சம் இளக்கியது. நட்டைப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுத்துவிட்டார். அந்த ஒரு காட்சிக்காக நான் கட்டணம் கொடுத்திருப்பேன். கொடுத்தும்விட்டேன், பில்லில் இருந்தது.

லோயர் ஆர்ம் போல்ட் மட்டும் அசையவில்லை. விஷயம் வீட்டுக்குப் போனது. மாமியார், "கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடுங்க மாப்ள" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் இருக்கும் முருகன் கோயில் அது. கடன் திரும்பவில்லை, நகை காணவில்லை, பங்காளி நிலத்தை விடவில்லை என்றால் முருகனுக்கு மனுவாகவே எழுதி, அங்கே முனியப்பர் வேலில் கட்டிவிடுவார்கள். ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்கில் படிப்பணம். உள்ளூர்க்காரனுக்கு அந்த வகையில் லாபம். காரியம் நிறைவேறியதும் பிராதை ராஜினாமா செய்தாக வேண்டும். கோர்ட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

எழுத உட்கார்ந்தபோது எதிர்மனுதாரர் யார் என்ற இடத்தில் பேனா நின்றது. அசல் குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைப் பெற்ற தாயார் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனவே, போல்ட் என்றே எழுதினேன்.

பட்டறையில் போல்ட்டைச் சூடேற்ற கேஸ் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே வந்துவிட்டது. அதில் ஒரு பெரியவர், செராமிக் கம்பெனியில் சூளை பார்த்து ஓய்வு பெற்றவர். நெருப்பு என்றால் அவரைக் கேட்காமல் யாரும் பற்றவைக்கக் கூடாது என்று நினைப்பவர். "மெதுவா ஏத்து தம்பி. ஏத்துனத மெதுவா எறக்கு. அவசரப்பட்டா வெடிச்சிடும்" என்றார்.

"வெடிக்கணும்னுதான் தாத்தா ஏத்துறேன்" என்றார் மெக்கானிக்.

பெரியவர் ஒப்பவில்லை. சூளையைத் திறக்க அவசரப்பட்டு எத்தனை வண்டி பொம்மை கழுத்தோடு போயிற்று என்று கதை ஆரம்பித்தார். அவர் சொன்னது அவர் தொழிலுக்கு முழு உண்மை. சுட்ட மண்ணில் ஒரு பக்கம் ஆறி இன்னொரு பக்கம் ஆறாமல் இருந்தால் விரிசல் விழும். ஆகவே சூளைக்காரனின் சாமர்த்தியம் எல்லாம் உள்ளும் புறமும் ஒரே சூடாக வைத்திருப்பதில். மெக்கானிக்கின் சாமர்த்தியம் நேர் எதிர். வெளியே இருப்பது சூடாக வேண்டும், உள்ளே இருப்பது ஆகக் கூடாது. 12 மில்லிமீட்டர் துளை 600 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு தலைமுடி கனத்துக்கு விரியும். அந்த ஒரு முடி போதும், துரு நொறுங்கிவிடும். ஆனால் போல்ட்டும் சேர்ந்து சூடானால் அதுவும் விரிந்து, பழைய குடித்தனமே தொடரும். சட்டென்று ஏற்றி, சட்டென்று தண்ணீர் ஊற்ற வேண்டும். நெருப்பில் வாழ்ந்த இரண்டு பேர், இரண்டு பேர் சொல்வதும் சரி, ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பாவம். நடுவில் பையன், பிரேக் ஹோஸ்மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு யார் பேச்சைக் கேட்பது என்று நின்றான்.

மெக்கானிக் பற்றவைத்தார். ரப்பர் எரிந்த புகையில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடின. இரும்பு சிவந்தது, தண்ணீர் ஊற்றினார், 'சொய்ங்' என்றது, பைப்பில் தொங்கினார்கள், போல்ட் அப்படியே இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, செருமினார். அதன்பிறகு வாதம் எதுவும் இல்லை. கட்டிங் நாசிலை மாட்டி, ஆர்மின் இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுத்துவிட்டார். புத்தகத்தில் இந்த வரி கிடையாது.

டொரண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனில் அழுதேன். அங்கே பனிக்காலத்தில் ரோட்டிலேயே உப்பைக் கொட்டுவார்களாம். அதனால் பனி வருமுன் காரின் அடிவயிறு முழுக்க எண்ணெய் பீய்ச்சி அடித்துக்கொள்வார்களாம், வருஷா வருஷம். கனடாவில் காருக்கு எண்ணெய்க் குளியல் நடக்கிறது. எண்ணூரில் தீபாவளிக்குக்கூட நடக்கவில்லை.

புது போல்ட் வாங்கும்போது மெக்கானிக் அண்ணன் தலையைத் திருப்பி 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தார். வலிமைக்கான எண் அது. எண் இல்லாத போல்ட் கேட்டுக்கு ஆகும், சக்கரத்துக்கு ஆகாது. எங்கள் பழமலைநாதர் கோயிலில் சுந்தரர் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். அவருக்கும் பொன்னை மாற்றுரைத்துப் பார்க்கும் வேலை இருந்தது. வாங்கிய புது போல்ட்டில் ஒன்று பட்டறைத் தரையில் விழுந்து மறைந்தது. திருவாரூர்ப் பக்கம் போகிறவர்கள் கமலாலயத்தில் ஒரு பார்வை பார்க்கவும்.

மரையில் செம்பு கிரீஸ் தடவி மாட்டினார். செராமிக் கிரீஸும் வருகிறதாம், இன்னும் சூடு தாங்குமாம். நம்மூரில் இருந்துகொண்டு அதைப் போடாமல் விட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் குறைதான். 'டொக்' நின்றுவிட்டது. இடது பக்கம் மட்டும்.

மாமியார் பிராதை ராஜினாமா செய்யச் சொன்னார். போல்ட் கழல வேண்டும் என்பதுதான் மனு. அது கழலவில்லை, அறுக்கப்பட்டது. ஆகவே வழக்கு முடிந்ததா இல்லையா என்று நான் சட்டம் பேசிக்கொண்டிருந்தபோது மச்சானிடமிருந்து போன். "மாப்ள, வண்டி இப்ப சும்மா பறக்குதாமே, அம்மா சொன்னாங்க! பையன் காலேஜ் போறான், ஓட்டிப் பழக ஒரு வண்டி வேணுங்கறான். பொங்கலுக்கு வந்து எடுத்துக்கறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனை வாங்கி, "தாராளமா எடுத்துட்டுப் போண்ணே, ஒன் வண்டிதானே" என்றாள்.

ராஜினாமா எழுதுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். கட்டிய பிராதில் இரண்டாம் எதிர்மனுதாரரைச் சேர்க்க வழி உண்டா என்று கோயில் ஆபீசில் விசாரிக்க வேண்டும்.