பழைய போன், புதுத் தகராறு

ஆன்லைனில் பழைய போனுக்கு 9,000 ரூபாய் காட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தவர் 5,500 என்கிறார். இது என்ன கணக்கு?
– ஒரு வாசகர், வாழப்பாடி

மரவள்ளியை சேகோ ஆலையில் இறக்கியபிறகு, ‘மாவுச்சத்து பாயிண்ட் குறைவு’ என்பார்களே, அதே கணக்குதான்! அளவுகோல் வாங்குபவர் கையில் இருந்தால், அளவு விற்பவர் பக்கம் சாயுமா? ஒரு நல்ல செய்தி: கிழங்கு வாடும், போன் வாடாது. விலை கட்டாவிட்டால் கொடுக்காதீர்கள். பணம் கணக்கில் ஏறாமல் போன் கைமாற வேண்டாம்.

கூரியரில் அனுப்பிவிட்டேன். ‘திரையில் கீறல்’ என்று விலையைக் குறைக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பேளூர்

அனுப்பும் முன் அதே போனை இன்னொரு போனில் படம் பிடித்தீர்களா? *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், திரை, பெட்டியை ஒட்டும் காட்சி மூன்றும் ஒரே வீடியோவில் இருந்தால் அதுதான் உங்கள் சாட்சி. குறைத்த விலையை ஏற்காமல், போனைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

உடைந்த போன் குப்பைதானே, அதற்கு ஏன் இத்தனை பேரம்?
– ஒரு மாணவர், ஆத்தூர்

நீரஜ் சோப்ரா 2021-ல் டோக்கியோவில் வாங்கிய தங்கப் பதக்கம் எதிலிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய போன்கள், மின்சாதனங்களிலிருந்து! சுமார் 62 லட்சம் போன்கள் திரண்டன; ஏறக்குறைய 5,000 பதக்கங்களுக்கான உலோகம் கிடைத்தது. குப்பைத் தொட்டியில் போட்டால் மண்ணுக்கு நஞ்சு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.