போத்தல் எண்ணெயும் கான் எண்ணெயும்

புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதியில் வடக்கே போனால், வில்பத்துக் காட்டின் விளிம்பில் எலுவன்குளம் வரும். கலா ஓயா களப்பில் போய்ச் சேர்கிற பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அங்கே சமையலுக்குத் தேங்காய் எண்ணெய்தான். எந்த எண்ணெய் நல்லது என்று யாரும் கேட்டதில்லை. நல்லெண்ணெய், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் தலைமுழுக்குக்கும் மட்டும் வரும்.

அந்த எண்ணெய்க்கு உம்மம்மா பட்ட பாடு இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது. முற்றிய தேங்காயை உடைத்து முற்றத்தில் பாய் விரித்துப் பரப்ப வேண்டும். காகத்துக்கும் மழைக்கும் காவல் இருக்க வேண்டும். சிரட்டையை விட்டுக் கழன்ற கொப்பராவை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிடுவார். மிச்சம் செக்குக்குப் போய், போத்தலில் எண்ணெயாகத் திரும்பி வரும். இத்தனை பாடுபட்டு வந்ததை யாரும் அள்ளி ஊற்றமாட்டார்கள். களப்பு மீன் ஆணத்தில் கொதித்தது. சூடை மீன் புளியில் வெந்தது. கிழங்கு அவிந்தது. பொரியல், பெருநாளுக்கும் விருந்தாளிக்கும். நாங்கள் தின்ற கொழுப்பில் பெரும்பங்கு தேங்காய்ப்பாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் வந்தது. அதைத் தின்றவர்கள் தண்ணீர் அள்ளினார்கள், விறகு சுமந்தார்கள், தோணி வலித்தார்கள்.

இப்போது கடைத் தட்டில் பாம் எண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று கான் கானாக நிற்கின்றன. பின்னேரத்துத் தேநீருக்கு ரோல்ஸ், பற்றிஸ், வடை. மேசையில் குளிசைப் பெட்டி: பிரஷருக்கு ஒன்று, சீனி வியாதிக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று. தேங்காய் எண்ணெய் அமுதம் என்று ஒரு காணொளி சொல்கிறது. நஞ்சு என்று அடுத்தது சொல்கிறது. பிள்ளைகள் எதை நம்புவது என்று கேட்கிறார்கள்.

எங்கள் மாவட்டம் தென்னை மாவட்டம். லுணுவிலையில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை 1929இல் தொடங்கியது. தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் சொந்தக்காரரைக் குறை சொன்னதுபோல எங்களுக்குச் சுடும். ஆனாலும் கணக்கைப் பார்த்தாக வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாம் எண்ணெயில் பாதி. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. சூரியகாந்தியில் இன்னும் குறைவு. ஒரு நாளைய சக்தியில் நிறைவுற்ற கொழுப்பு 10 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 12 கிராம் போய்விடும். தேங்காய்ப்பால் அதற்கு மேல்.

அப்படியென்றால் உம்மம்மா காலத்து ஆட்கள் எப்படி இருந்தார்கள்? பசிபிக் கடலில் டொக்கலாவ், புகாபுகா என்ற தீவுகளை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். டொக்கலாவ் மக்களுக்குச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து வந்தது. புகாபுகா மக்களைவிட அவர்கள் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இரு தீவுகளிலும் இரத்தக்குழாய் நோய் அரிது. அவர்கள் தேங்காயை முழுதாக, மீனோடு தின்றார்கள்; சீனி குறைவு, உடலுழைப்பு அதிகம். எங்கள் பழைய வாழ்க்கையும் ஏறக்குறைய அதுதான். அந்த உழைப்பும் மீனும் குறைந்த பிறகு, எண்ணெயை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டு பழைய உடம்பை எதிர்பார்க்க முடியாது.

2021 மார்ச்சில், புத்தாண்டுப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் நேரத்தில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற நச்சு இருப்பதாக நாடே பதறியது. சரியாகக் காயாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணம்தான் அதை உண்டாக்குகிறது. உம்மம்மா ஒதுக்கிய அதே பூஞ்சணம். அடுத்த மாதம் பாம் எண்ணெய் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. எண்ணெயின் பெயரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எவ்வளவு ஊற்றுகிறோம், எத்தனை தரம் காய்ச்சுகிறோம் என்ற பேச்சு எழவில்லை.

அதுதான் எனக்குக் கவலை. ஒரே எண்ணெயை நாள் முழுதும் கொதிக்கவைத்தால் அது கறுத்து, தடித்து, உடம்புக்கு ஆகாத பொருட்களாக உடையும். சூரியகாந்தி போன்றவை கடும் சூட்டில் விரைவாகக் கெடும். தேங்காய் எண்ணெய் கூடுதலாகத் தாங்கும். தாளிக்கவும் சுண்டவும் நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ எடுங்கள். எப்போதாவது பொரிக்கத் தேங்காய் எண்ணெய் போதும்; பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள். லேபிளில் ‘கொலஸ்ட்ரோல் இல்லை’ என்று இருந்தால் மயங்க வேண்டாம்: தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க கொலஸ்ட்ரோல் கிடையாது. பேக்கரிச் சாமானில் ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு என்றிருந்தால் திருப்பி வையுங்கள். அதில் வரும் டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்தே ஒழிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் நாடுகளைக் கேட்டது.

அன்றைக்கு அளவை வறுமையும் வேலையும் வைத்தன. இன்றைக்கு நாமே வைக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் மாதத்துக்கு 1.8 லீற்றர். தேங்காய்ப்பால் தினமும் சேர்க்கிற வீட்டுக்கு அதற்கும் குறைவாகவே போதும். போத்தலைத் திறக்கும்போது திகதியை எழுதி ஒட்டுங்கள். மாதம் முடியுமுன் தீர்ந்தால், அடுத்த மாதம் பொரியலைக் குறைத்து அவியலைக் கூட்டுங்கள்.