பல் பிடுங்கு படலம்: தாராசுரத்தில் கியர் நீக்கம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆய்வுப்பொருள்: சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போன பத்து கியர் ரேஸ் சைக்கிள். களம்: தாராசுரம் முதல் கும்பகோணம் வரை, ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஆய்வுமுறை: மிதித்தல். நெறியாளர்: புங்கமரத்தடியில் பஞ்சர் ஒட்டும் அண்ணன். தர்க்க மரபை மதித்து, கட்டுரையை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, தடை, விடை என வகுத்துக்கொண்டேன்.

மேற்கோள்: காவிரிப் படுகையில் ஓடும் சைக்கிளுக்கு ஒரு கியருக்கு மேற்பட்டவை யாவும் உபரி.

ஏது: கியர் மேட்டுக்காக ஏற்பட்டது, படுகையில் மேடு இல்லை. கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் சரிவது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு தண்ணீருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சைக்கிள்காரனுக்கு வாய்க்கால் மதகும் ஆற்றுப்பாலமும்தான் மலை. சீட்டை விட்டு எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் மலை முடிந்துவிடும். (கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போகிறவர்களை இவ்வாய்வு கட்டுப்படுத்தாது.)

எடுத்துக்காட்டு, கணக்குவழி: என் சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரம் (52, 42 பற்கள்), பின்னால் ஐந்து (14, 16, 18, 21, 24). பெருக்கினால் பத்து. ஆனால் பெரியதோடு பெரியதையும் சிறியதோடு சிறியதையும் பூட்டினால் செயின் கோணிக்கொண்டு முனகும்; ஆக எட்டு. அந்த எட்டிலும் 52/21 என்பது 2.48, 42/16 என்பது 2.63. இந்த வேறுபாட்டைக் கணக்கு வாத்தியார் கண்டுபிடிப்பார், முழங்கால் கண்டுபிடிக்காது.

எடுத்துக்காட்டு, வரலாற்றுவழி: பிரான்சின் மாபெரும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் தொடங்கியது 1903இல், செயினைப் பல் மாற்றித் தள்ளும் கியரை அது முழுமனதாக அனுமதித்தது 1937இல். இடையில் ஆல்ப்ஸ் மலையையே அந்தக் கியர் இல்லாமல் ஏறியிருக்கிறார்கள். நம்மூரில் 2005-06இல் பிளஸ் ஒன் மாணவர்களுக்கென விரிவாக்கப்பட்ட அரசின் விலையில்லா சைக்கிளுக்கும் கியர் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டு, சிற்பவழி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், இரண்டாம் இராசராசன் காலத்து மண்டபம் ஒன்று சக்கரமும் குதிரையும் பூட்டிய கல் தேராக நிற்கிறது. அதற்கு ஒரே வேகம்: பூஜ்யம். 12ஆம் நூற்றாண்டிலிருந்து செயின் கழன்றதாகப் புகார் இல்லை. அதே கோயிலில், ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பமும் உண்டு. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஒரு தலையால் இரண்டு உடலை நடத்தினான் சிற்பி. ஏழு பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு ஒரு கும்பகோணம் போகத் திணறினேன் நான்.

முதல் தடை: தறிக்காரர் ஒருவர் எழுப்பியது. “ஜக்கார்டு அட்டை கூடக் கூடத்தானே தம்பி சேலைக்கு அழகு? சைக்கிளுக்கு மட்டும் குறைப்பானேன்?”

விடை: வேலைப்பாடு முந்தானைக்கு. கும்பகோணம் சாலைக்கு முந்தானை கிடையாது. முழுக்க உடல்தான், அதுவும் ப்ளெயின்.

இரண்டாம் தடை: ஆடிமாத எதிர்க்காற்றில் என்ன செய்வது?

விடை: அம்மியே பறக்கும் காற்றில் கியரால் ஆகப்போவது என்ன? இறங்கித் தள்ளுவதே முறை.

செய்முறை: கியர் செட், அதன் கேபிள், லீவர் மூன்றையும் கழற்றுக. முன்னால் 42 பல் மட்டும் இருக்கட்டும். பின்னால் ஐந்தடுக்கைக் கழற்றி, ஊர் சைக்கிளின் 18 பல் ஃப்ரீவீலை மாட்டுக. செயினும் ஊர் சைக்கிளின் தடித்த செயினே. அது மெல்லிய பல்லிலும் உட்காரும், மெல்லியது தடித்த பல்லில் உட்காராது. ஆக்சிலில் வாஷர்களை இடம் மாற்றி, கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்து, முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் வரச் செய்க. பிறகு வீலைப் பின்னுக்கு இழுத்து, செயினில் அரை அங்குலத் தொய்வு விட்டு நட்டை இறுக்குக. ஆக்சில் உட்காரும் வெட்டு கிடைவாட்டமாக உள்ள பழைய வண்டிகளுக்கே இது பொருந்தும்; செங்குத்தாக இருந்தால் வீல் பின்னுக்கு வராது.

முடிவு: இந்த அமைப்பில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 4.9 மீட்டர் போகும். எனவே கும்பகோணத்துக்கு 816 சுற்று.

இந்த இடத்தில் நெறியாளர் குறுக்கிட்டார். கழற்றிப்போட்ட கியர் செட்டை எண்ணெய்க் கையால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது துருப்பிடிச்சுப் பதினெட்டாம் பல்லுலயே இறுகிப்போய் வருசக்கணக்காச்சு தம்பி. முன்னாடி லீவரும் நகரல. இத்தனை நாளும் நீங்க ஓட்டினது இதே கியர்தான்.”

ஆக, மாற்றத்துக்கு முன் 816 சுற்று. மாற்றத்துக்குப் பின் 816 சுற்று. கூலி தனி.