கால் அங்குலம் என்பது 13 மில்லிமீட்டர்

ராயகிரியில் பழைய புல்லட் வைத்திருப்பவர் சீசனுக்குக் குற்றாலம் கிளம்பினால், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊருக்கு ஊர் நிறுத்தி, டாங்குக்கு அடியில் விரலால் தடவி மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அருவிக்கு முன்னால் பெட்ரோல் கொட்டிவிடக் கூடாதே என்ற கவலை. ஒழுகினால் எல்லாரும் பழி போடுவது ரப்பர் டியூப் மேல்தான். அது பாவம், வாயில்லாப் பிராணி. கடையில் நாம் வாய்கூசாமல் சொல்லும் அளவு எண்தான் உண்மையான குற்றவாளி என்பது என் கட்சி.

முதலில் வண்டியின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது 1955இல். திருவொற்றியூரில் புல்லட் அங்குலக் கணக்கோடு இறங்கியது. அடுத்த வருஷமே நம் அரசு மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டது. 1957இல் நயா பைசா வந்தது. நாடு மில்லிமீட்டருக்கு மாறியது, வண்டி மாறவில்லை. பிறகு ஜப்பானிய மிக்குனி வழிவந்த மிக்கார்ப் கார்ப்பரேட்டர் வந்து சேர்ந்தது. அது மெட்ரிக் ஆசாமி. ஆக டாங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் உள்ள ஒரு சாண் தூரத்தில், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டு அளவைகள் ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன. டியூப் இடையில் போய்ச் சமாதானம் பேசுகிறது.

டியூப் அந்த வேலையைப் பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. கால் அங்குல நிப்பிள் 6.35 மில்லி, கடையில் கிடைப்பது 6 மில்லி டியூப். வித்தியாசம் 0.35 மில்லிதான், வெந்நீரில் முக்கி மாட்டினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தகராறு மரையில்தான். பிரிட்டிஷ் வழிவந்த பழைய டாங்குகளில் பெட்ரோல் காக் பெரும்பாலும் பைப் மரையில் உட்காரும். அந்தக் 'கால் அங்குல' மரையை வெர்னியரால் அளந்து பாருங்கள்: வெளிவிட்டம் 13.16 மில்லி, அதாவது அரை அங்குலத்துக்கும் மேல்! அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்துப் பேர் வைத்தார்கள். மரையோ வெளியே வெட்டப்படுவது. துவாரத்தின் பேரைச் சுமந்துகொண்டு மரை ஊர் சுற்றுகிறது. போதாக்குறைக்கு ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த முறைப்படி மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கில் 60. ஒரு 12 மில்லி காக் எடுத்து அந்த டாங்கில் திருகினால் சில சுற்று ஆட்டத்தோடு போய்ப் பிடித்ததுபோல் நடிக்கும். அந்த நடிப்பை நம்பி ஸ்பானர் போட்டு இறுக்கினால் டாங்கின் மரை போய்விடும். ரப்பர் போனால் சில்லறைச் செலவு. மரை போனால் டாங்கில் பற்றவைக்க வேண்டும், உள்ளே ஆவி மிச்சமிருந்தால் உயிருக்கே உலை.

இதற்கு ஊரில் மறுப்பு இல்லாமல் இல்லை. "வெள்ளை டேப் சுத்தி முறுக்குப்பா" என்பார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது பொருந்தும். நேர் மரையுள்ள காக்கில் ஒழுகலை அடைப்பது வாஷர்தான். மரைக்கு அந்தப் பொறுப்பே கிடையாது. டேப்பின் நூல் பிய்ந்து கார்ப்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். அப்புறம் ஒழுகல் நிற்கும், வண்டியும் நிற்கும். "பெரிய டியூப் போட்டா பிக்கப் கூடும்" என்பது அடுத்த கட்சி. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 வேகத்தில் போனால் நிமிஷத்துக்குக் குடிப்பது சுமார் 29 மில்லிலிட்டர். மருந்துக் குப்பி மூடியில் மூன்று தடவை ஊற்றும் அளவு. இதற்கு 6 மில்லிமீட்டர் துவாரமே தாராளம். பெரிய டியூபைச் சின்ன நிப்பிளில் மாட்டி கிளிப்பை முறுக்கினால் ரப்பர் சுருங்கி மடிப்பு விழுகிறது, மடிப்பின் வழியே பெட்ரோல் கசிகிறது. எம்-சீல் கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த முறை காக்கைக் கழற்றும்போது உளி சொல்லும்.

ஒரே ஒரு மறுப்பில் மட்டும் நியாயம் இருக்கிறது: "முப்பது வருஷமா சலைன் டியூப்தான் போட்டிருக்கோம், என்ன ஆச்சு?" ஓடியது உண்மைதான், பெட்ரோல் பழைய பெட்ரோலாக இருந்தவரை. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது அறிமுகமில்லாத விருந்தாளி. ஒன்று ஊதிப்போகும், ஒன்று விறைத்து வெடிக்கும். எரிபொருளுக்கென்றே செய்த டியூப் என்று கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

எண்ணை நம்பக்கூடாதென்றால் எதை நம்புவது? கையில் இருக்கும் சாமானை. பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போகும் நம்மூர்ப் பழக்கத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் 'கால் இஞ்ச்' என்று போனில் சொல்லி, வந்ததைத் திருப்பியனுப்பித் திரும்பவும் வரவழைக்கிறார்கள். சாமான் வாங்கத் தென்காசிக்குப் போகிறவர்கள் டாங்கை வடித்துவிட்டு, பழைய காக், அதன் வாஷர், அரையடி டியூப் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டால் வாயைத் திறக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள்.