காலுறை போட்ட பாட்டில்கள்

முன்பின் தெரியாத ஒயினை வீட்டில் உட்கார்ந்து சுவைத்துப் பார்க்க முதலில் வேண்டியது காலுறை. பாட்டிலுக்கு அதை மாட்டிவிட்டால் லேபிள் மறையும். லேபிள் மறைந்தால் ஊர் மறையும். ஊர் மறைந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அபிப்பிராயமே வராது. ஆனால் காலுறை துவைத்ததாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பிரெஞ்சு ஒயினில் தோல், வியர்வை, குதிரை லாயம் என்று அடுக்கடுக்காக நயம் கண்டார் ஒருவர். ஒயின்மேல் தப்பே இல்லை.

பெங்களூரில் இருப்பதால் இந்தப் பொழுதுபோக்கு கட்டுப்படியாகிறது. நந்தி மலை அடிவாரத்தில் தோட்டமும் ஆலையும் இருக்கின்றன. நாசிக் சரக்கு பக்கத்துத் தெருவில் கிடைக்கும். வெளிநாட்டு ஒயின்தான் பாடு. பல ஆண்டுகளாக அதன் தலையில் 150 சதவீதச் சுங்க வரி உட்கார்ந்திருந்ததால், விமானத்தில் வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் ஞானம் வளர்ந்தது. ஒரு பயணி இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். பாட்டில் ஒன்றுக்கு 750 மில்லி. இரண்டு பாட்டில் போக அரை லிட்டர் சலுகை வீணாகப் போகிறதே என்று எதிர்வீட்டு மேனேஜர் சார் இன்றுவரை வருந்துகிறார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பயன்படுத்தாத வரம்பு எதையும் அவரால் பொறுக்க முடியாது.

ஒரே ஒரு ஒயினைத் தனியாகக் குடித்தால் அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் இருப்பது "நல்லாருக்கு", "புளிக்குது" இரண்டும்தான். பக்கத்தில் இன்னொன்றை ஊற்றி வையுங்கள், பேச்சு பிய்த்துக்கொண்டு போகும். இது அதைவிடப் புளிப்பு, அது இதைவிடத் துவர்ப்பு, இதில் ஏதோ மணம் இருக்கிறது, அதில் இல்லை. நிபுணர்கள் வருஷக்கணக்கான ஞாபகத்தில் வைத்து ஒப்பிடுவதை நாம் மேசையில் வைத்து ஒப்பிடுகிறோம். அதற்கு ஞானம் வேண்டாம், இரண்டு கிளாஸ் போதும்.

கிளாஸ் விஷயத்தில் உலகம் ரொம்பக் கறார். சுவைக்கும் கிளாஸுக்கென்றே 1977இல் ஐ.எஸ்.ஓ. 3591 என்று ஒரு தரக் குறிப்பு வந்திருக்கிறது. வயிறு பெருத்து வாய் குறுகி, மணத்தை மூக்குக்கு நேராகக் கூட்டித் தரும் வடிவம். நாங்கள் அக்கா என்று அழைக்கும் மேனேஜர் சாரின் மனைவிக்கு இந்த ஏற்பாட்டைப் புரியவைக்க முடியவில்லை. அக்கா வளர்ந்த மன்னார்குடி வீட்டில் பாத்திரத்தில் உதடு படக்கூடாது. அண்ணாந்து, அரையடி உயரத்திலிருந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொள்வார். மூக்குக்கும் கிளாஸுக்கும் சம்பந்தமே ஏற்படாது. குழு போட்டு முடிவெடுத்தவர்கள் மன்னார்குடியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சிக்கல், துப்புவது. பல ஒயின்களைச் சுவைப்பவர்கள் விழுங்கமாட்டார்கள், வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். இல்லையென்றால் நான்காவது கிளாஸுக்கு மேல் எல்லாமே அமிர்தமாகிவிடும். இதற்கு என் மனைவி சமையலறையிலிருந்து எந்தப் பாத்திரத்தையும் தர மறுத்து, பால்கனியிலிருந்து காலி பெயின்ட் டப்பாவை எடுத்து வைத்தாள். மேனேஜர் சார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து வாங்கினதைத் துப்புறதா?" என்றார். கடைசிவரை துப்பவில்லை. அவருடைய மதிப்பெண்கள் கிளாஸுக்குக் கிளாஸ் தாராளமாகிக்கொண்டே போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் மாடித் தம்பி மென்பொருள்காரன். ஏதோ ஒயின் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வைத்திருப்பவன். முகர்வதற்கு முன்பே "பர்கண்டி பாணி" என்பான். காலுறையை மீறிப் பாட்டிலின் தோள் தெரிகிறதே! போர்தோ பாட்டிலுக்குத் தோள் தூக்கி நிற்கும், பர்கண்டிக்குச் சரிந்திருக்கும், அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக வளர்ந்திருக்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஊற்றும் பொறுப்பு முழுக்க என் மனைவியிடம் போனது. அவள் உள்ளே ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டித் தட்டில் கொண்டுவருவாள். தம்பியின் ஞானம் அன்றிலிருந்து கொஞ்சம் நிதானப்பட்டது.

நாங்கள் பார்த்ததிலேயே பெரிய கலவரம் ஷிராஸ் திராட்சை ஒயின் ஜோடியில்தான். ஒன்று நாசிக், மற்றது ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் குளிர்ப் பகுதி. இரண்டாவதில் மிளகு மணம் தூக்கலாக இருந்தது. பக்கத்தில் நாசிக் ஒயின் இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது. கற்பனையும் இல்லை. மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் ஷிராஸிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். குளிர்ந்த இடங்களில் விளைவதில் அது கூடுதலாக இருக்கும். "எங்கேய்யா மிளகு? ஒண்ணுமே இல்லையே" என்றார் மேனேஜர் சார். அக்காவே அன்று முதன்முறையாகக் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய், "நல்லா வருதே" என்றார். சார் மறுபடி முகர்ந்தார். இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. சோதித்துப் பார்த்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தட்டுப்படவேயில்லை. சோதனையின் உச்ச அளவிலும் தட்டுப்படவில்லை. தம்பி இதை வாய்தவறிச் சொல்லிவிட்டான். அக்கா கிளாஸைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா என் ரசத்துல மிளகு பத்தலைன்னு சொன்னீங்களே!" என்றார். மிளகின் காரம் வேறு பொருளால் வருவது, மணம் வேறு என்று நான் இடைபுகுந்து விளக்கினேன். தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இப்போதெல்லாம் அந்த வீட்டில் ரசத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்று கேள்வி.

சார் பழி தீர்த்துக்கொண்டது ஜார்ஜியாவில். அமெரிக்க ஜார்ஜியா அல்ல, காகசஸ் மலை ஜார்ஜியா. நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். சாரின் தங்கை மகளும் திபிலிசியில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தபோது மாமாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு சேர்த்து, மண்ணில் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி என்ற பெரிய தாழியில் நொதிக்க வைக்கிறார்கள். யுனெஸ்கோ 2013இல் இந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிறம் வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. பால் விடாத டீ. வாயில் வைத்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. தோலிலிருந்து இறங்கும் டானின் நம் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் வறட்சி அது. ஒயினுக்குப் புதியவர்கள் இதைத்தான் கெட்டுப்போனது என்று முகம் சுளிப்பார்கள். தம்பிகூட ஒரு வினாடி தடுமாறினான். வாழைப்பூவும் கடுக்காயும் தின்று வளர்ந்த மேனேஜர் சார் மட்டும் கண்ணை மூடி, "இதுதான்யா சரக்கு" என்று முழு மதிப்பெண் போட்டார். பாட்டில் தன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. அதை நான் நம்புகிறேன், அக்கா நம்பவில்லை.

வெள்ளை ஒயின் ஜோடி அவ்வளவு சண்டை மூட்டவில்லை. மஸ்கட்டை முகர்ந்ததும் என் மனைவி, "எங்க ஊர் பன்னீர் திராட்சை" என்றாள். தேனிக்காரி. கம்பத்துப் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான், ஆகவே முழு மதிப்பெண். ஸ்பெயினின் கடலோர அல்பரிஞோவில் தம்பி "உப்புக் காற்று" கண்டபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த ஒயின் சாடிகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணியிலானவை உண்டு. கோஸ் ஒயினோ, வேண்டுமென்றே கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் பருகச் சொல்லிப் பாண்டியனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. அது எந்த ஊர்த் தேறலோ, பாண்டியனின் குறிப்பேடு நமக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் குறிப்பேடு கிடைத்தது. மேனேஜர் சார் கோடு போட்ட பேரேட்டில் கூட்டல் போட்டு, இரண்டாம் கிளாஸ் முதலிடம், ஆறாம் கிளாஸ் கடைசி என்று கையெழுத்திட்டு அறிவித்தார். ஆறாவதற்கு "குப்பை" என்று ஓரக்குறிப்பு வேறு. என் மனைவி காலுறைகளைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டும் ஒரே பாட்டில்தாங்க" என்றாள்.

சார் பேரேட்டைத் திருப்பிக் கேட்டார். அவருக்கு முன்னோடி உண்டு. 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய மறைவுச் சுவைப்பில் பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியாவை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஒரே ஒயினுக்கு இரண்டு தீர்ப்பு சொன்னதும் புதிதல்ல. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, தெரியாமல் ஊற்றிப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் ஒரே மாதிரி மதிப்பிட்டார். இதைச் சொன்னதும் சாரின் முகம் தெளிந்தது. கலிஃபோர்னியா நடுவர் பதவிக்கு விண்ணப்பிக்க வயது வரம்பு உண்டா என்று தம்பியிடம் விசாரித்தார்.

நீங்களும் செய்து பார்ப்பதானால், ஒயினை ஒற்றையாக வாங்காதீர்கள். ஒரே திராட்சை, இரண்டு ஊர் என்று ஜோடியாக வாங்குங்கள். உள்ளே நின்று ஊற்றுபவர் குடிக்காதவராக இருந்தால் உத்தமம், கூட்டம் முடிந்து யாரும் வண்டி எடுக்க வேண்டாம். விலையைக் கடைசிவரை சொல்லாதீர்கள். மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் ஆட்டுக்கறிக்கு ஊற்றிவிடலாம், அதற்கு நாசிக்கும் ஒன்றுதான், விக்டோரியாவும் ஒன்றுதான்.