கர்ணனுக்கு எத்தனை மார்க்?

விடைத்தாள் திருத்துகிறவனுக்கு எதிரிகள் கிடையாது. மாணவன் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் மாணவனுக்குத் தெரியாது. கோடை தவறாமல் சித்தூர் ஸ்பாட் வேல்யுவேஷன் முகாமில் உட்கார்ந்து, ஃபேன் காற்றில் பறக்கப் பார்க்கும் கணக்குத் தாள்களை முழங்கையால் அமுக்கிக்கொண்டு சிவப்பு மையில் எண் போட்டுப் பழகியவன் நான். அதனால் ரிடையரான பிறகு ஒரு லீவு நாளில் அக்கா மகன் வந்து, "மாமா, நீங்க நியாயமா மார்க் போடுவீங்கன்னு சொல்லிட்டேன், எங்க ஆட்டத்துக்கு வாங்க" என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் பீமன், கர்ணன், திருப்பதி கங்கம்மா என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இவர்களுக்கு முகமும் உண்டு, ரசிகர்களும் உண்டு.

பையன் திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறான். கூட்டாளிகளில் ஒருவன் குப்பம், ஒருவன் காளஹஸ்தி, ஒருவன் நகரி. வீட்டில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. சண்டை மட்டும் இங்கிலீஷில். ஆடுவது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம், பென்சில், பகடை, வாய் ஆகியவற்றை மட்டும் வைத்து ஆடும் ஆட்டம். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் ஆளுக்கொரு நாயகன். "நான் சுவரை உடைக்கிறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். உடைந்தது சுவரா உங்கள் தோள்பட்டையா என்பதை நாயகனின் அட்டையில் எழுதியிருக்கும் எண் தீர்மானிக்கும். இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது 1974-இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சூப்பர் ஹீரோக்களுக்கென்று 1981-இல் 'சாம்பியன்ஸ்', 1984-இல் 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்', 1985-இல் 'டிசி ஹீரோஸ்' என்று வரிசையாக வந்தன. மூன்றின் விதிகளையும் பையன்கள் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்கள். பாடப் புத்தகத்தை அப்படி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

முதலில் மார்வெல் விதியை எடுத்தோம். சண்டைத் திறன், சுறுசுறுப்பு, பலம், தாங்கும் சக்தி, புத்தி, உள்ளுணர்வு, மனவலிமை என்று ஏழு பாடம். எல்லாவற்றுக்கும் எண்ணோடு ஒரு கிரேடும் உண்டு: சாதாரண மனிதனுக்கு 6, நல்லது என்றால் 10, அப்படியே ஏறி இந்த உலகத்தைச் சேர்ந்ததே அல்ல என்ற நிலைக்கு 100. இதுவரை சம்மதம். ஆனால் கடைசி மூன்று பாடங்களையும் கூட்டி வருகிற எண்ணுக்கு ஆட்டத்தை எழுதியவர் 'கர்மா' என்று பெயர் வைத்திருக்கிறார். நல்லது செய்தால் கர்மா ஏறும். பகடை சரியாக விழாதபோது அதைச் செலவழித்துச் சமாளிக்கலாம். நாயகன் யாரையாவது கொன்றுவிட்டால் இருப்பு மொத்தமும் காலி. இந்த விதியை வைத்துக்கொண்டு குருக்ஷேத்திரத்துக்குப் போனால் முதல் நாள் சாயங்காலமே இரு பக்கத்திலும் பூஜ்யம்தான். "தர்ம யுத்தத்துக்கு விதிவிலக்கு குடுங்க மாமா" என்றான் பீமனை எடுத்திருந்தவன். எது தர்மம் என்று யார் முடிவு செய்வது என்றேன். "அது கிருஷ்ணர் சொல்வாரு." கிருஷ்ணர் யார் என்று பார்த்தால், அவனேதான் ஸ்பேர் அட்டை ஒன்றில் எழுதி வைத்திருக்கிறான்.

இரும்புக்கை மாயாவியை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பையன்களுக்கு அவனைத் தெரியாது. 1962-இல் இங்கிலாந்தின் ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்து, 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாக நம்மிடம் வந்தவன். வேலூர் பஸ் நிலையத்தில் வாங்கி, பஸ் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் படித்து முடித்த தலைமுறை எங்களுடையது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். 75 போடலாம் என்று பேனாவைத் திறந்தேன். "கரண்ட் இல்லாட்டி?" என்றான் குப்பத்துப் பையன். யோசித்தேன். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் மாயாவி நின்றால் அவன் வெறும் ஒற்றைக்கை ஆசாமி. லண்டனில் 75, சித்தூரில் மாலை ஆறு மணிக்கு மேல் 75 என்று அட்டையில் குறித்தேன்.

இடத்தைப் பொறுத்து மார்க் மாறுவதா என்று கேட்பவர்கள் 2009 சட்டசபைத் தேர்தலை நினைத்துக்கொள்ளலாம். சிரஞ்சீவி இரண்டு தொகுதியில் நின்றார். சொந்த மாவட்டத்தில் இருக்கும் பாலகொல்லுவில் தோற்றார், எங்கள் திருப்பதியில் ஜெயித்தார். அதே ஆள், அதே தேர்தல், அதே மீசை.

கங்கம்மா விஷயம் இன்னும் சிக்கல். தாதய்யகுண்ட கங்கம்மாவுக்கு மே மாதம் ஜாத்திரை நடக்கும்போது திருப்பதிக்கு வந்திருந்தால் உங்களுக்கே தெரியும். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள். ஊர்ப் பெண்களைத் தொந்தரவு செய்த பாளையக்காரன் ஒருவன், கங்கம்மா மேலேயே கை வைக்கப் பார்த்தான். அவள் தன் உண்மை உருவத்தைக் காட்டியதும் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் வேஷத்துக்கு மேல் வேஷமாகப் போட்டாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தபோதுதான், தன் எஜமானர் வந்திருக்கிறார் என்று நம்பிக் கும்பிடு போட வெளியே வந்தான். தலை போயிற்று. முகமூடி, ரகசிய அடையாளம் எல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்த பையன்கள் வாயடைத்துப்போனார்கள். பலத்துக்கு 100 போடுவதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் எதிரி பொந்துக்குள் பதுங்கிவிட்டால் 100 பலம் என்ன செய்யும்? அவனைப் பிடித்தது புத்தி. ஆகவே புத்திக்கும் 100. அம்மனுக்குக் குறைத்துப் போட்டுவிட்டு இந்த ஊரில் நான் மார்க்கெட்டுக்குப் போய் வர வேண்டாமா என்பதும் ஒரு காரணம்.

அதற்குள் ஒருவன் ஏழுமலையானுக்கும் அட்டை போடலாமா என்றான். அதெல்லாம் சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் 'சாம்பியன்ஸ்' விதிப்படி, நாயகனுக்கு ஒரு குறையை ஒப்புக்கொண்டால் அதற்குப் பதிலாகக் கூடுதல் புள்ளி கிடைக்கும். அதை வைத்துச் சக்தி வாங்கலாம். கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடன், கலியுகம் முடியும்வரை வட்டி. எத்தனை புள்ளி வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தவனைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இனி கர்ணன். சண்டை ஆரம்பித்ததும் இங்கேதான், நியாயம் என்றால் என்ன என்று நான் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்ததும் இங்கேதான்.

சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் தர்மராஜா கோயில் பாரதம் நடந்தால் பகலில் கதை, ராத்திரியில் கூத்து, ஒரு நாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசியில் மண்ணில் படுத்திருக்கும் பிரம்மாண்டமான துரியோதனன் என்று ஊரே அதில் கிடக்கும். கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரி, விடியும் நேரத்தில் அழாத கிழவியை நான் பார்த்ததில்லை. தெலுங்கில் என்.டி.ஆர். 1977-இல் 'தான வீர சூர கர்ணா' எடுத்து, தானே இயக்கி, கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் மூவருமாகத் தானே நடித்தார். அதற்கு முன்பு 1964-இல் நம் 'கர்ண'னில் சிவாஜி கர்ணன், அதே என்.டி.ஆர். கிருஷ்ணன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கர்ணனுக்கு ஆள் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு மார்க் போட்ட முதல் ஆள் நான் இல்லை, பீஷ்மர்.

மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில், போர் தொடங்கும் முன் துரியோதனன் கேட்கிறான்: இரண்டு படையிலும் யார் யார் எவ்வளவு தேறுவார்கள்? பீஷ்மர் ஒவ்வொருவராகத் தரம் பிரிக்கிறார். இவன் ரதன், இவன் அதிரதன், இவன் மகாரதன். ஜயத்ரதன் இரண்டு ரதர்களுக்குச் சமம். பீமன் எட்டு ரதர்களுக்குச் சமம். அர்ச்சுனனுக்கு இணை இரண்டு படையிலும் இல்லை. அசுவத்தாமன் பெரிய வீரன்தான், ஆனால் உயிர் மேல் ஆசை அதிகம், ஆகவே கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார். (பிற்பாடு அந்த ஆசாமிக்குச் சாகவே முடியாமல் அலையும்படி சாபம் கிடைத்தது.) விராடன் மகன் உத்தரனுக்கு நல்ல ரதன் என்று முழு மார்க். கௌரவர் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடி, அர்ச்சுனன் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்த அதே உத்தரன். இன்டர்னல் மார்க் என்பதன் தோற்றம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கர்ணனுக்கு வந்தபோது பீஷ்மர் சொன்னது: அர்த்தரதன். அரை ஆள். காரணமும் சொன்னார். கவச குண்டலத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டான், பரசுராமர் சாபம் இருக்கிறது. இரண்டாவது மதிப்பீட்டாளர் துரோணரும் அதை ஆமோதித்துக் கையெழுத்துப் போட்டார். கர்ணன் மறுகூட்டலுக்கு மனு போடவில்லை. கிழவர் இருக்கும்வரை களத்துக்கே வரமாட்டேன் என்று போய்விட்டான். பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாள் ஆப்சென்ட். ஒரு மார்க் ஒரு பேரரசைக் கவிழ்த்த வேறு உதாரணம் என் சர்வீஸில் கேள்விப்பட்டதில்லை.

இதைச் சொன்னதும் நகரிப் பையன் கொதித்தான். அவன் 'சாம்பியன்ஸ்' கட்சி. சாபம் இரண்டு, போன கவசம், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாத வியாதி, தனக்கே தெரியாத பிறப்பு ரகசியம், துரியோதனன் என்கிற நண்பன்: எல்லாக் குறைக்கும் புள்ளி கூட்டினால் மேஜையிலேயே பெரிய பணக்காரன் கர்ணன்தான். பீஷ்மர் எந்தக் காரணங்களுக்காகப் பாதியைக் கழித்தாரோ, அதே காரணங்களுக்காக அமெரிக்காக்காரன் அள்ளிக் கொடுக்கிறான்.

பஞ்சாயத்தை முடிக்க நான் 'டிசி ஹீரோஸ்' விதியை எடுத்தேன். கணக்கு வாத்தியாருக்கென்றே செய்த ஆட்டம் அது. அதில் ஒரு புள்ளி கூடினால் சக்தி இரண்டு மடங்கு. பலம் 0 என்றால் 50 பவுண்டு தூக்கலாம். நம் அரிசி சிப்பத்துக்குச் சற்றுக் குறைவு, எனக்கு அளவெடுத்த மாதிரி. சாதாரண மனிதனுக்கு 2, பாட்மேனுக்கு 5. முதல் பதிப்பில் சூப்பர்மேனுக்கு 50 போட்டிருந்தார்கள். 1986-இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையை மறுபடி முதலிலிருந்து எழுதி அவன் பலத்தைக் குறைத்தார். ஆட்டத்தின் அடுத்த பதிப்பும் அதற்கேற்ப 25 ஆக்கியது. பாதிதானே என்று நினைக்காதீர்கள். இருபத்தைந்து தடவை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். 3 கோடியே 35 லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனான்.

சரி, ஒரு ரதனுக்கு பாட்மேன் அளவு 5 என்று வைத்தேன். ஜயத்ரதன் இரண்டு மடங்கு, ஆகவே 6. பீமன் எட்டு மடங்கு, இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு, ஆகவே 8.

"இன்னா மாமா இது! எட்டு பேருக்குச் சமம்னு பீஷ்மரே சொல்லியிருக்காரு, நீங்க மூணே மூணு மார்க் சேத்துப் போடறீங்க?"

லாகரிதம் என்றேன். பிளஸ் டூவில் அந்தப் பாடத்தை நடத்தின சாரைத் திட்டினான். கர்ணனுக்கு அரை, ஆகவே ஒன்று குறைத்து 4. அறை அமைதியாகிவிட்டது. எல்லோரும் அந்த 4-ஐயும் பக்கத்திலிருந்த 5-ஐயும் பார்த்தார்கள். "ஒரு மார்க்குக்கா சார் அவரு பத்து நாள் வரல?" என்று காளஹஸ்திப் பையன் தெலுங்கில் கேட்டான். ஆமாம், ஒரே மார்க். ஒரு மார்க்கில் பெயிலான பையனின் அப்பாவை நேரில் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் அந்த ஒரு மார்க்கும் தப்பு என்பது என் கட்சி. கையெழுத்து கோணல், மை கொட்டியிருக்கிறது, ஹால் டிக்கெட் நம்பரை மாற்றி எழுதிவிட்டான் என்று எந்தக் காரணத்துக்கும் தேற்றத்துக்கான மார்க்கைக் குறைக்கக் கூடாது என்பது முகாமில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. தேற்றம் சரியென்றால் முழு மார்க். மற்றதை ஓரத்தில் குறிப்பாக எழுத வேண்டும். சாபம் என்பது திறமையின் அளவு அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில் வெடிக்கிற சமாச்சாரம். பரசுராமர் சாபம் வேலை செய்தது பதினேழாம் நாள் அஸ்திரம் மறந்தபோது. அதுவரை கர்ணன் வில்லில் குறை சொல்ல ஆளில்லை. பீஷ்மர் பதினேழாம் நாளின் விபத்தை முதல் நாளே எல்லா நாள் கணக்கிலும் கழித்துவிட்டார். அவருக்குக் கர்ணனைப் பிடிக்காது என்பதும் ஊரறிந்தது. பிடிக்காத பையன் பேப்பரை வேறு ஆளிடம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. சக்தியை மேலே எழுது, பலவீனத்தைக் கீழே எழுது, இரண்டையும் ஒன்றோடொன்று கழிக்காதே: மாயாவிக்கும் நான் செய்தது இதைத்தானே, கரண்டைக் குறிப்பில் போட்டுவிட்டு 75-ஐ விட்டுவைத்தேன். 2022-இல் எங்கள் சித்தூரிலிருந்து திருப்பதியைப் பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கவச குண்டலம் போனது போல்தான். அதற்காக எங்களை அரை மாவட்டம் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆகவே என் தீர்ப்பு: கர்ணன் 7, அடியில் சிவப்பு மையில் இரண்டு சாபம். பீமனுக்கு அதே 8. அசுவத்தாமன் 7, கீழே 'உயிராசை' என்று குறிப்பு. உத்தரனுக்கு 3, அதுவும் முதல் நாள் போரில் யானை மேல் வந்து சல்லியனின் குதிரைகளைக் கொன்றுவிட்டுச் செத்தானே, அந்த மரியாதைக்கு. இதற்கு மேல் கர்ணன் ரசிகர்கள் யாரும் அட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரவேண்டாம். மறுகூட்டல் கிடையாது.